பெரிய பெட்டி அல்ல, இரண்டாம் படி

2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் மின்னி பே பகுதியில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிறிய கணக்கு அலுவலகம் நடத்தி வருகிறோம். மளிகைக் கடைக்காரர்கள், மீன் வணிகர்கள், படகு உரிமையாளர்கள், விருந்தினர் இல்லம் நடத்துவோர் ஆகியோரின் கணக்குகளை எழுதுவதும், வரிப் படிவங்களைத் தாக்கல் செய்வதும், வங்கிக் கடனுக்கு வேண்டிய ஆவணங்களைத் தொகுத்துக் கொடுப்பதும் எங்கள் தொழில். ஐந்து கணினிகள், ஒரு ஸ்கேனர், ஒரு அச்சுப்பொறி, அனைத்தையும் இணைக்கும் ஒரு ரூட்டர்: இவ்வளவே எங்கள் வலையமைப்பு. இவ்விதழின் வாசகர்களில் பலருடைய அலுவலகமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இத்தகைய அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் கணினித் திரையில் 'வட்டில் இடமில்லை' என்ற அறிவிப்பு தோன்றும் நாள் வந்தே தீரும். அன்று பெரும்பாலோர் செய்வது ஒன்றே. கடைக்குச் சென்று, இருப்பதைவிடப் பெரிய சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வருகிறார்கள். நாங்களும் அதையே செய்தோம். பணம் செலவழித்தது தவறன்று. செலவழித்த வரிசைதான் தவறு என்பதை எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கடன் விண்ணப்பம் எங்களுக்கு உணர்த்தியது.

கோப்புகளுக்கான இடத்தைப் பெருக்குவதற்கென ஒதுக்கும் தொகையில் முதல் பங்கு இரண்டாம் படிக்கே, அதாவது வேறோர் இடத்தில் இருக்கும் நகலுக்கே செல்ல வேண்டும்; எஞ்சியதே பெரிய பெட்டிக்கு உரியது. இதுவே எங்கள் கருத்து. தீவில் வாழ்வோருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இரண்டு வட்டுகள், ஒரே இழப்பு

நாங்கள் வாங்கியது, கடைக்காரர்கள் 'நாஸ்' என்று குறிப்பிடும் வகையைச் சேர்ந்த பெட்டி. அதில் இரண்டு ஹார்டு டிஸ்குகள் இருந்தன. ஒன்றில் எழுதப்படுவது அதே நொடியில் மற்றொன்றிலும் எழுதப்படும்படி அமைத்துக்கொண்டோம். ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைத் தொடரும். ஆகவே எங்களிடம் எல்லாக் கோப்புகளுக்கும் இரண்டு படிகள் இருக்கின்றன என்று நம்பினோம்.

ஒரு நாள் மாலை, கோப்புறைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த எங்களுள் ஒருவர், மீன் வணிகர் ஒருவரின் மூன்று ஆண்டுக் கொள்முதல் பட்டியல்கள் அடங்கிய கோப்புறையை, வேறோர் இடத்தில் உள்ளதன் நகல் என்று கருதி அழித்துவிட்டார். பெட்டி தனக்கு இடப்பட்ட கட்டளையைச் செவ்வனே நிறைவேற்றியது. இரண்டு வட்டுகளிலும் ஒரே நொடியில் அழித்தது.

இதை நாங்கள் அறிந்தது நான்கு மாதங்களுக்குப் பின்னர். சுற்றுலாப் பருவத்தில் விடுதிகளுக்கு மீன் வழங்கக் குளிர்பதன வண்டி ஒன்று வாங்க அவ்வணிகர் கடனுக்கு விண்ணப்பித்தார். வங்கி, வழக்கம்போல், முந்தைய ஆண்டுகளின் கணக்கையும் அதற்கான ஆதாரங்களையும் கேட்டது. தாக்கல் செய்த படிவங்கள் அரசு இணையதளத்தில் இருந்தன. அவற்றுக்கு அடிப்படையான பட்டியல்கள் எங்களிடம் இல்லை. அவரிடமும் இல்லை. ஈரம் ஏறிய தாள்களை அவர் முந்தைய மழைக்காலத்திலேயே எறிந்துவிட்டிருந்தார். 'ஸ்கேன் செய்துவிட்டோம், இனித் தாளை வைத்திருக்க வேண்டியதில்லை' என்று அவரிடம் கூறியவர்களும் நாங்களே.

சென்னையிலும் இங்கும் உள்ள விற்பனையாளர்களிடம் நகல் கேட்டு எழுதி, ஒவ்வொன்றாகத் திரட்ட ஆறு வாரங்கள் ஆயின. சில பட்டியல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. கடன் கிடைத்தபோது பருவம் பாதி கடந்திருந்தது. அவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் கணக்கையும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நம்பிக்கைக்கு நாங்கள் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

இணைவட்டு முறையில் குறை ஒன்றுமில்லை. அதனிடம் நாங்கள் எதிர்பார்த்ததுதான் பிழை. 'ரெய்டு' எனப்படும் இம்முறைக்குப் பெயர் சூட்டியவர்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கட்ஸ் ஆகிய மூவர். 1988இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'மலிவான வட்டுகள்' என்ற சொற்கள் இடம்பெற்றுள்ளன. விலை மிகுந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறு வட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம், அவற்றுள் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது என்பதே அவர்கள் காட்டிய வழி. தவறுதலாக அழித்தல், திருட்டு, தீ, வெள்ளம், கணினி நச்சுநிரல் ஆகியவற்றிலிருந்து காப்பது அதன் நோக்கமன்று. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வட்டுகள், ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு சாவிகளைப் போன்றவை. வீடே போனால் இரண்டும் போகும்.

எத்தனை ஆண்டுகள் காக்க வேண்டும்?

சிறு தொழில் செய்வோருக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்கள் சட்டம் விதிக்கும் காலத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, கணக்கேடுகளையும் ஆவணங்களையும் அந்தந்த ஆண்டின் ஆண்டுப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. 2023-24ஆம் நிதியாண்டின் ஆண்டுப் படிவத்துக்குரிய கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே 2023 ஏப்ரலில் வாங்கிய சரக்கின் பட்டியலை 2030 டிசம்பர் இறுதிவரை, அதாவது ஏறத்தாழ ஏழே முக்கால் ஆண்டுகள் காக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் அக்காலம் இன்னும் நீளும். நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் எட்டு நிதியாண்டுகள் என்று வரையறுக்கிறது. மின்னணு முறையில் பேணும் கணக்கேடுகளுக்கு நாள்தோறும் ஒரு காப்புப்படி இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்றும் அவர்களுக்கான விதிகள் 2022 முதல் கூறுகின்றன.

இக்காலத்தை வட்டின் ஆயுளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள். அந்த உத்தரவாதமும் வட்டுக்கே. அதனுள் இருந்த கோப்புகளுக்கு அன்று. சட்டம் கேட்கும் காலம் முழுவதையும் ஒரே வட்டு தாங்கும் என்று எண்ணித் தொழில் நடத்துவது, அசலை ஒரே ஆளிடம் கைம்மாற்றாகக் கொடுத்துவிட்டு எழுத்தும் வாங்காமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

செலவில்லாத விரிவாக்கம்

பெட்டியை மாற்றுவதற்கு முன் அதனுள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எங்கள் பெட்டியில் இருந்தது 600 ஜிகாபைட். அதில் உண்மையில் இழக்கக் கூடாதவை 90 ஜிகாபைட் மட்டுமே. எஞ்சியவற்றில், கைப்பேசியிலிருந்து வந்து விழுந்த காணொளிகள், மென்பொருள்களின் பழைய நிறுவல் கோப்புகள், ஒரே ஆவணத்தின் நான்கைந்து நகல்கள் ஆகியவையே பெரும்பகுதி.

ஸ்கேனரின் அமைப்பையும் ஒருமுறை பார்த்தல் நன்று. ஏ4 அளவுள்ள ஒரு தாளை வண்ணத்தில், அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அடர்த்தியில் படமெடுத்தால், சுருக்குவதற்கு முன் அது 100 மெகாபைட்டுக்கு மேல் வரும். அதையே கருப்பு-வெள்ளைச் சாயலில், 300 புள்ளிகளில் எடுத்தால் ஏறத்தாழ 9 மெகாபைட். பன்னிரண்டில் ஒரு பங்கு. கடைப் பட்டியலின் எழுத்துகளையும் எண்களையும் படிப்பதற்கு இரண்டாவதே போதுமானது. வண்ண முத்திரையோ வரைபடமோ உள்ள தாள்களுக்கு மட்டும் முதலாவதை வைத்துக்கொள்ளலாம். எவ்விதச் செலவுமின்றி எங்கள் பெட்டியின் ஆயுள் இதனால் மேலும் சில ஆண்டுகள் நீண்டது.

எதையும் அழிப்பதற்கு முன் ஒரு படி எடுத்து வைக்க வேண்டும் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து அழுத்திச் சொல்கிறோம்.

கையிலிருப்பதைக் கொண்டு

துப்புரவு செய்தும் இடம் போதாதவர்களுக்குச் செலவு குறைந்த மூன்று வழிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற வரம்பும் உண்டு.

முதல் வழி, ரூட்டரிலேயே யு.எஸ்.பி. துளை இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால், வெளிவட்டு ஒன்றை அதில் செருகி, அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளும் காணும்படி பகிரலாம். வட்டின் விலையைத் தவிர வேறு செலவில்லை. ஆயினும் வேகம் குறைவு. யார் எதைத் திறக்கலாம் என்ற கட்டுப்பாடும் பெரும்பாலும் எளிய அளவிலேயே இருக்கும். இருவர் மூவர் பணிபுரியும் இடத்துக்கு இது போதும்.

இரண்டாம் வழி, மூலையில் கிடக்கும் பழைய கணினியைச் சேமிப்பகமாக மாற்றுவது. 'ஓப்பன் மீடியா வால்ட்', 'ட்ரூநாஸ்' போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர இவை பயன்படுத்தும் 'சம்பா' என்னும் நிரல், 1991இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கியது. இன்று உலகெங்கும் பயன்பாட்டில் இருப்பது. பழைய கணினிக்குள் இரண்டு மூன்று வட்டுகளைப் பொருத்த இடமிருக்கும் என்பதால் பிற்காலத்தில் விரிவாக்குவதும் எளிது. இதில் மறைந்திருக்கும் செலவு மின்சாரம். இடைவிடாது 80 வாட் இழுக்கும் கணினி ஆண்டுக்கு ஏறத்தாழ 700 யூனிட் செலவழிக்கும். 20 வாட் இழுக்கும் சிறிய பெட்டிக்கு 175 யூனிட் போதும். இலவசமாகக் கிடைத்த கணினி நான்கைந்து ஆண்டுகளில் தன் விலையை மின்கட்டணமாக வாங்கிக்கொள்ளக்கூடும். இரவில் தானாக அணைந்து காலையில் எழும்படி அமைத்தால் இச்செலவில் பாதியைக் குறைக்கலாம்.

மூன்றாம் வழி, ஏற்கெனவே இரண்டு வட்டுப் பெட்டி வைத்திருப்போருக்கு. பெட்டியை மாற்றாமல் வட்டுகளை மட்டும் மாற்றலாம். இணைவட்டு முறையில் இயங்கும் இரண்டு 2 டெராபைட் வட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு 4 டெராபைட் வட்டைச் செருகினால், மற்றதில் உள்ளவை அதற்குள் நகலாகும். அது முடிந்தபின் இரண்டாவதையும் அவ்வாறே மாற்றினால், பெரும்பாலான பெட்டிகளில் இடம் இரு மடங்காக விரியும். ஆனால் நகலாகும் அந்தப் பல மணி நேரமும் எல்லாக் கோப்புகளும் ஒரே பழைய வட்டை நம்பியே இருக்கின்றன. பல ஆண்டுகள் உழைத்த வட்டு, முதல் முறையாக முழுவதும் படிக்கப்படும் நேரமும் அதுவே. தனியே ஒரு காப்புப்படி இல்லாமல் இப்பணியைத் தொடங்குதல் கூடாது.

வட்டு வாங்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளலாம். விலையை டெராபைட் எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிட வேண்டும். மிகச் சிறிய வட்டு பெரும்பாலும் மலிவானதன்று. அடுத்து, எழுதும் தடங்களை ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி அமைத்த 'எஸ்.எம்.ஆர்.' வகை வட்டுகள் விலை குறைந்தவையாக இருந்தாலும், தொடர்ந்து பெருமளவு எழுதும்போது மிகவும் வேகம் குறைகின்றன. நகலெடுத்து அலமாரியில் வைப்பதற்கு அவை ஏற்றவை. பலர் பகிரும் பெட்டிக்குள் 'சி.எம்.ஆர்.' வகையே தகும்.

தீவின் கணக்கு

நிலப்பகுதி நகரங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையில் வட்டு பழுதானால் மாலைக்குள் மாற்று வட்டு கைக்கு வரும். இங்கே கடைகளில் கையிருப்பு இல்லையெனில் விமானத்தையோ கப்பலையோ எதிர்பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் பயணக் கப்பலுக்கே ஏறத்தாழ மூன்று நாள் ஆகிறது. உத்தரவாதத்தின்படி மாற்றிப் பெறுவதற்கும் வட்டு கடல் தாண்டிப் போய் வர வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் இணைப்பு முனைகளை அரிக்கின்றன. மின்சாரத்தின் பெரும்பகுதி டீசலில் உற்பத்தியாகும் தீவுகளில், தடை வரும் என்று எண்ணி ஏற்பாடு செய்வதே அறிவுடைமை. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் கோப்பு மட்டுமின்றி வட்டின் அட்டவணையே சிதையலாம். ஆதலால் யு.பி.எஸ். இங்கே ஆடம்பரப் பொருளன்று. சேமிப்பகத்தின் ஓர் உறுப்பு.

இவை அனைத்திலும் பெரியது கடல். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஏறத்தாழ ஆறரை மணிக்கு நிலம் குலுங்கியதும், அதைத் தொடர்ந்து கடல் உட்புகுந்ததும் தீவு மக்கள் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியவை அல்ல. போர்ட் பிளேர் பகுதியில் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி நீருக்குள் ஆனது. தீவுகள் முழுவதும் நாட்டின் மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலத்தில் உள்ளன. உயிரிழப்பின் முன் தாள்களைப் பற்றிப் பேசுவது சிறுமை என்று தோன்றலாம். ஆனால் உயிர் பிழைத்தவர் மறுநாள் தம் தொழிலையும் நிலத்தையும் காப்பீட்டையும் நிறுவுவதற்குக் கையில் இருக்க வேண்டியவை அத்தாள்களே.

ஆகவே, ஒரே கட்டடத்தில் எத்தனை பெட்டிகளை அடுக்கினாலும் அது ஒரு படியாகவே கருதப்பட வேண்டும். ஒரே ஊரில் இரண்டு கட்டடங்களில் வைத்தால், தீக்கும் திருட்டுக்கும் எதிராக இரண்டு படிகள். கடலுக்கு எதிராக ஒரு படிதான்.

கடலுக்கு அப்பால் ஒரு படி

கணினித் துறையினர் மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு விதியைச் சொல்வதுண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள். அவை இரண்டு வகை ஊடகங்களில். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில். இதைச் செலவு மிகாமல் நிறைவேற்ற இன்று வழி இருக்கிறது.

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி இழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அது போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் தீவு, சிற்றந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகியவற்றையும் இணைக்கிறது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தபோது, கோப்புகளை வெளியூருக்கு அனுப்பிச் சேமிப்பது எங்களைப் போன்றோருக்கு எட்டாத செய்தி. இன்று அது எளிய கணக்கு.

நொடிக்கு 10 மெகாபிட் என்ற வேகத்தில் மேலேற்ற முடிந்தால், எங்களுடைய 90 ஜிகாபைட்டை அனுப்ப 20 மணி நேரம் போதும். இரண்டு மூன்று இரவுகளில் முடிந்துவிடும். அதன்பின் நாள்தோறும் மாறுவது 300 மெகாபைட் என்று கொண்டால், நான்கு நிமிடம். ஆனால் துப்புரவு செய்யாமல் 1 டெராபைட்டை அதே வேகத்தில் அனுப்பினால் ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். மேகச் சேமிப்பின் மாதக் கட்டணமும் அந்த அளவுக்கு ஏறும். கோப்புகளைத் தரம் பிரித்தல் வீட்டு வேலையைப் போன்ற சிறு செயல் என்று எண்ணியிருந்தோம். அதுவே கடலுக்கு அப்பால் ஒரு படி வைத்திருப்பதைக் கட்டுப்படியாகும் செலவாக ஆக்கியது.

பெரிய அளவுக்கு இணையத்தைவிடக் கைப்பையே விரைவானது. சென்னைக்குச் செல்லும் உறவினரிடம் ஒரு வட்டைக் கொடுத்தனுப்பினால் 1 டெராபைட் அன்றைக்கே போய்ச் சேரும். நாங்கள் ஆண்டுக்கு இருமுறை அவ்வாறு செய்கிறோம். அனுப்பும் வட்டு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு, உள்ளடக்கம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதில் இருப்பவை நம்முடையவை மட்டுமல்ல. வாடிக்கையாளர்களின் ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் அதில் உள்ளன. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை வைத்திருப்போர் மீது பொறுப்பைச் சுமத்துகிறது. கடவுச்சொல்லை இருவர் அறிந்திருத்தல் நல்லது. அதை வட்டின் உறையிலேயே எழுதிவைப்பது பூட்டின் மேல் சாவியைத் தொங்கவிடுவதாகும்.

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் ஒரு வட்டை வைப்பதும் பலர் எண்ணிப் பார்க்காத நல்ல வழி. நகைக்கும் நிலப் பத்திரத்துக்கும் எடுத்த பெட்டகத்தில் உள்ளங்கை அளவுள்ள வட்டுக்கு இடம் இருக்கும். இங்கும் வரம்பை அறிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2021இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தீ, திருட்டு போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை; நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடர்களுக்கு வங்கி பொறுப்பேற்பதில்லை. எந்தப் பெட்டகமும் அழிந்த கோப்பைத் திருப்பித் தராது. ஆகவே உள்ளூர்ப் பெட்டகம் இரண்டாம் படிக்கு உரியது. கடலுக்கு அப்பால் உள்ளது மூன்றாம் படி.

இவ்விரண்டு படிகளில் ஒன்றாவது எந்தக் கணினியோடும் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். 2017 மே மாதம் 'வானக்ரை' என்ற பணயநிரல் பல நாடுகளுக்குப் பரவியபோது, விண்டோஸ் கணினிகளின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டையே அதற்கு வழியானது. ஒரு கணினியில் நுழைந்தது, வலையமைப்பில் இருந்த மற்றவற்றுக்கும் தாவியது. பகிரப்பட்ட பெட்டியும் அதற்குத் திறந்த கதவே. அலமாரியில் தனியே கிடக்கும் வட்டுக்குள் எந்த நிரலும் நுழைய முடியாது.

மறுப்புகள் இரண்டு

'எல்லாவற்றையும் மேகத்திலேயே வைத்துவிட்டால் பெட்டியே வேண்டாமே' என்று இளைய நண்பர்கள் சொல்கிறார்கள். மிகச் சிறிய அலுவலகங்களுக்கு அது ஏற்றதாகவே இருக்கலாம். ஆனால் கட்டணம் மாதந்தோறும் வரும். கட்டத் தவறினால் கணக்கு முடங்கும். இணைப்பு நின்ற நாளில் வரிப் படிவத்தின் கடைசி நாள் வந்தால், கோப்பு இருந்தும் இல்லாததே. தவிர, மேகத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறையில் நாம் அழிப்பது மேகத்திலும் அழிகிறது. குறிப்பிட்ட நாட்களுக்குள் கவனித்தால் மட்டுமே மீட்கலாம்; எங்கள் தவறு நான்கு மாதம் கழித்தே தெரிந்தது என்பதை நினைவூட்டுகிறோம். மேகம் நல்ல இரண்டாம் படி. ஒரே படியாக இருக்கத் தக்கதன்று.

'இவ்வளவும் செய்வதற்கு எங்களிடம் ஆளில்லை' என்பது மற்றொரு மறுப்பு. அதுவும் உண்மையே. எங்களிடமும் கணினி வல்லுநர் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை கதவைப் பூட்டுவதற்கு முன் வெளிவட்டைச் செருகி நகலெடுத்து, கழற்றி, பெயரும் தேதியும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதை முறை வைத்துச் செய்கிறோம். கல்லாவைப் பூட்டாமல் எந்தக் கடைக்காரரும் வீட்டுக்குச் செல்வதில்லை. இதுவும் அதைப் போன்ற பழக்கம்தான்.

திறந்து பார்க்காத படி படியாகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகல் எடுத்ததாக எண்ணிக்கொண்டு வெற்றுக் கோப்புறைகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்தவர்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் பெயரைச் சீட்டுப்போட்டு எடுத்து, அவருடைய பழைய பட்டியல் ஒன்றை இரண்டாம் படியிலிருந்து மீட்டுத் திறந்து பார்க்கிறோம். பத்து நிமிட வேலை. ஒருமுறை அது திறக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் எங்களை எதிலிருந்து காத்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இடம் போதாத நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இதுவே. முதலில் ஒரு வெளிவட்டு வாங்கி இருப்பதை அப்படியே படியெடுத்து, கழற்றி வைத்தல். இரண்டாவதாக, துப்புரவு. மூன்றாவதாக, இழக்கக் கூடாதவற்றைக் கடலுக்கு அப்பால் அனுப்புதல். இவை முடிந்த பின்னரும் இடம் போதவில்லையெனில் வட்டையோ பெட்டியையோ பெரிதாக்கலாம். பலருக்கு அத்தேவை அதற்குள் நீங்கியிருக்கும்.

அம்மீன் வணிகர் இப்போது தம் குளிர்பதன வண்டியில் நாள்தோறும் எங்கள் அலுவலகத்தைக் கடந்து செல்கிறார். அவருடைய பட்டியல்கள் இன்று எங்கள் பெட்டியிலும், இவ்வூர்ப் பெட்டகம் ஒன்றிலும், சென்னையில் ஓர் உறவினர் வீட்டு அலமாரியிலும் இருக்கின்றன. ஸ்கேன் செய்த தாள்களையும் இப்போது அவரிடமே, காற்றுப் புகாத உறையில் இட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம்.